நாற்பத்தொரு குரல், நாற்பது தலை

“தலையை எண்ணுனீங்களா, பேரைக் கூப்பிட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க.”

“ரெண்டும் சார்.”

தலைமையாசிரியர் பேனாவை மூடினார். மூடியை மெதுவாகத் திருகி இறுக்கினார்.

“ரெண்டும்னு சொல்லாதீங்க டீச்சர். ரெண்டும்னு சொன்னா, ரெண்டும் ஒத்துப்போச்சான்னு அடுத்த கேள்வி வரும். நாளைக்கு மத்தியானம் வர்ற அதிகாரி அதைத்தான் கேப்பார். பேரைக் கூப்பிட்டேன், எல்லாரும் உள்ளேன்னு சொன்னாங்க, டிக் போட்டேன். அவ்வளவுதான். நாற்பது பிள்ளைங்க குரலைத் தனித்தனியா யாரால பிரிச்சுப் பார்க்க முடியும்?”

“நாற்பத்தொண்ணு சார்.”

“ஆமா, இப்ப நல்லா எண்ணுங்க.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். உட்கார்ந்திருந்தது, புகார் சொல்ல வரும் பெற்றோருக்காகப் போட்டிருந்த நாற்காலி. அதன் ஒரு கால் கொஞ்சம் குட்டை. அசைந்தால் டக்கென்று சத்தம் வரும். அதனால் அசையாமல் இருந்தாள். மடியில் கைப்பை. பைக்குள் நோட்டு.

தலைமையாசிரியர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். எழுத்தர் காலையிலேயே தட்டச்சு செய்து வைத்திருந்த வாக்குமூலம். அவள் சொல்ல வேண்டியதை அவளுக்கு முன்பே யாரோ சொல்லி முடித்திருந்தார்கள். ‘எட்டாம் வகுப்பு பி பிரிவில் செவ்வாய்க்கிழமை காலை பெயர்களை வாசித்து வருகையைப் பதிவு செய்தேன். வேறு விதமாகச் சரிபார்க்கும் வழக்கம் எனக்கில்லை. மாணவி ஒருத்தி, வராத இன்னொருத்திக்காகக் குரல் கொடுத்து என்னை ஏமாற்றியது பிற்பாடுதான் தெரிய வந்தது. அந்த மாணவியின் பெயர்:’ அதற்குப் பிறகு ஒரு நீளமான கோடு. கீழே கையெழுத்துக்கு இன்னொரு கோடு.

“முதல் கோட்டுல பேரை எழுதுங்க. ரெண்டாவது கோட்டுல உங்க பேரு. உங்க மேல தூசுகூடப் படாது, நான் பார்த்துக்கறேன்.”

“யாருன்னு எனக்கு…”

“தெரியும். உங்க முகத்துலயே தெரியுது. நானும் அந்த வகுப்புல போய் நின்னு கேட்டேன். ஒண்ணுகூட வாயைத் திறக்கல. கல்லு மாதிரி உக்கார்ந்திருக்குதுங்க. நீங்க நேருக்கு நேர் நின்னு பேர் வாசிச்சவங்க. நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள குடுத்துடுங்க.” அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அங்கிருந்தே, திரும்பாமல் கேட்டார். “வேற எங்கயாவது எதையாவது குறிச்சு வச்சிருக்கீங்களா? டைரி, துண்டுச் சீட்டு, அந்த மாதிரி?”

“இல்ல சார்.”

நாற்காலி டக்கென்றது.

*

நான்கு வருடத்தில் இது அவளுக்குப் பதினோராவது பள்ளிக்கூடம். யாராவது பிள்ளைபெறப் போனால், யாருக்காவது கால் முறிந்தால், யாருடைய முதுகாவது பிடித்துக்கொண்டால் அவளுக்கு அழைப்பு வரும். முதல் நாள் காலையில் வகுப்புக்குள் நுழையும்போதே பின் பெஞ்சிலிருந்து மெல்லிய குரல் ஒன்று எழும்: “ஸ்டெப்னி வந்துருச்சுடா.” பதினோரு பள்ளியிலும் அதே பெயர். ஒரு பள்ளிப் பிள்ளைகள் அடுத்த பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடிதம் போட்டுச் சொல்லிவிடுகிறார்களோ என்று அவள் நினைத்ததுண்டு. கோபம் வராது. ஓடுகிற சக்கரம் பஞ்சரானால்தானே ஸ்டெப்னியை இறக்குகிறார்கள், பஞ்சர் ஒட்டியதும் மறுபடி டிக்கிக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். பிள்ளைகள் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது பள்ளியில், அவள் யாருக்குப் பதிலாக வந்தாளோ அந்த ஆசிரியையின் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கைக்கடிகாரம் காணாமல் போனது. ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் தன் கைப்பையைக் கவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது. சீப்பு, மாத்திரை, பாதி தின்று மடித்து வைத்த பிஸ்கட் பொட்டலம், எல்லாம் மேசையில் உருண்டன. கடிகாரம் இரண்டு நாள் கழித்து அந்த ஆசிரியையின் வீட்டுக் குளியலறையில் கிடைத்தது. கிடைத்த செய்தியை அவளிடம் வந்து சொன்னது துப்புரவு அக்கா மட்டும்தான். அன்றிலிருந்து பிறர் மேசையின் இழுப்பறையை அவள் தொட்டதில்லை; சாக்பீஸ்கூட வீட்டிலிருந்து கொண்டுபோவாள். மயங்கி விழுந்த ஒரு பிள்ளையைத் தூக்கப் போய், “எங்க அனுமதியில்லாம எப்படித் தொட்டீங்க?” என்று அவன் அப்பன் வாசலில் நின்று கத்தியதற்குப் பிறகு, பிள்ளைகளைத் தொடுவதையும் விட்டாள். வகுப்பறைக் கதவை ஒருநாளும் மூடமாட்டாள், மழையானாலும்.

நோட்டு அப்படித்தான் வந்தது. இருநூறு பக்க நோட்டு. தேதி, மணி, வகுப்பு, தலை எத்தனை, யார் வெளியே போனார்கள், எப்போது திரும்பினார்கள், கதவு திறந்திருந்ததா. நாளைக்கு யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் காட்ட ஓர் எழுத்து இருக்க வேண்டும். நடுவில் பக்கத்தைக் கிழித்துவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, வாங்கிய அன்றே ஒவ்வொரு பக்கத்துக்கும் மூலையில் மையால் எண் போட்டுவிட்டாள்.

ஏழாவது பள்ளியில்தான் அவள் அந்தத் தவறைக் கற்றுக்கொண்டாள். அன்று தலை ஒன்று குறைந்தது. பாடத்தை நிறுத்திவிட்டு நாலு பேரைத் தேட அனுப்பினாள், எழுத்தரை எழுப்பினாள், காவலாளியை ஓடவிட்டாள். பையன் குழாயடியில் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சாயங்காலம் அந்தத் தலைமையாசிரியை, “பாடம் நடத்த வந்தீங்களா, ஆடு எண்ண வந்தீங்களா?” என்று கேட்டார். மறுநாள் வர வேண்டாம் என்று தகவல் வந்தது. அதன்பிறகு அவள் பதிவேட்டையும் நோட்டையும் பிரித்துவிட்டாள். பதிவேட்டில் குரல் சொன்னதை எழுதுவாள், அது பள்ளிக்கூடத்துக்கு. நோட்டில் கண் கண்டதை எழுதுவாள், அது அவளுக்கு. இரண்டும் ஒத்துப்போகாத நாட்கள் மாதத்துக்கு இரண்டு மூன்று வரும். யாரோ கழிப்பறையில் இருப்பார்கள், யாரோ மேசைக்கடியில் ஒளிந்திருப்பார்கள். பதினைந்து நிமிடத்தில் தலை தானாகக் கூடிவிடும். ஒன்றரை வருடமாக அப்படித்தான் கூடிக்கொண்டிருந்தது.

*

செவ்வாய்க்கிழமை காலையில் தூறல். வகுப்பில் விளக்கைப் போட்டும் இருட்டு அரைகுறையாக நின்றது. திறந்த கதவு வழியாகச் சாரல் முதல் பெஞ்சுவரை வந்தது. “டீச்சர், கதவைச் சாத்தட்டுமா?” என்று கேட்ட பிள்ளையிடம் வேண்டாம் என்றாள். “ஸ்டெப்னிக்கு மழை பிடிக்கும்” என்றது ஒரு குரல். நாலு பேர் சிரித்தார்கள்.

பெயர்களை வாசித்தாள். நாற்பத்தொரு பெயர், நாற்பத்தொரு “உள்ளேன் டீச்சர்.” தலையை எண்ணினாள். நாற்பது. இன்னொரு முறை, இம்முறை ஜன்னல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். நாற்பது.

கடைசிப் பெஞ்சின் ஓரம் நெட்டையின் இடம். வகுப்பிலேயே உயரமான பெண் என்பதால் அந்தப் பெயர். அந்த இடத்தில் பை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, மேலே நீல மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு. நெட்டையின் பெயரை வாசித்தபோது பதில் வந்தது அங்கிருந்தல்ல. மூன்றாவது பெஞ்சிலிருந்து, விரித்துப் பிடித்த புத்தகத்துக்குப் பின்னாலிருந்து. அங்கே இருந்தவள் ரேடியோ. தலைமையாசிரியரின் இருமலிலிருந்து பேருந்து நிலையத்து அறிவிப்புவரை எதையும் அப்படியே பேசிக் காட்டுகிற சின்னஞ்சிறு பெண். நெட்டையின் அடித்தொண்டைக் குரலை, அந்தக் கொஞ்சம் சலித்த இழுப்போடு, அவள் பிசகில்லாமல் கொண்டுவந்திருந்தாள்.

பதிலி ஆசிரியை பதிவேட்டில் டிக் போட்டாள். நோட்டை எடுத்து எழுதினாள்.

இந்தப் பள்ளியில் ஒரு நடைமுறை உண்டு. பத்து மணிக்கு எல்லா வகுப்புப் பதிவேடுகளும் எழுத்தர் மேசைக்குப் போகும். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு அவர் பத்தரைக்குள் போன் செய்து முடிப்பார். அன்று எட்டு பி-யிலிருந்து யாருக்கும் போன் போகவில்லை.

விளையாட்டுத் திடலுக்குப் பின்னால் பாதியில் நிற்கும் கட்டடம் ஒன்று இருந்தது. படிக்குக் கைப்பிடி கிடையாது. மூன்றாம் மாடியில் நின்றால் எதிரே மருத்துவமனைச் சலவைப் பிரிவின் மொட்டைமாடி தெரியும். நெட்டையின் அம்மா அங்கேதான் விரிப்புகளைக் காயப்போடுவாள். காலைக் கூட்டம் முடிகிற சந்தடியில் நழுவிப் போய், அம்மாவுக்குக் கை காட்டிவிட்டு இரண்டாம் பாடவேளைக்குள் திரும்பிவிடுவது நெட்டையின் வழக்கம். அதுவரை ரேடியோ பார்த்துக்கொள்வாள். செவ்வாய்க்கிழமை மழை. அம்மா மாடிக்கு வரவில்லை. கீழே இயந்திரத்தில் உலர்த்திக்கொண்டிருந்தாள். நெட்டை எவ்வளவு நேரம் காத்திருந்தாளோ. ஈரமான தரை. மழைக்கு வேலையாட்களும் வரவில்லை. மூன்று மணிக்கு மேல் வந்த கட்டடத்துக் காவலாளிதான் கீழே மணல்குவியலுக்குப் பக்கத்தில் அவளைப் பார்த்தான். உச்சிப்பொழுதுவரை உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர்.

எல்லோரும் சொல்லிச் சொல்லி இதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. புதன்கிழமை பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். வியாழக்கிழமை காலையில் தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கொடுத்தார். இரண்டாவது முறை எண்ணியபோதும் நெட்டை இடத்தில் வெறும் பைதான் இருந்தது, அதை அவள் பார்த்தாள், கூடாத தலையைக் கூடிவிடும் என்று விட்டாள் என்பது மட்டும் பள்ளியில் பெரியவர்கள் யாருக்கும் தெரியாது. நோட்டுக்குத் தெரியும்.

*

அன்று எட்டு பி-யில் யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. ஸ்டெப்னி என்ற குரல்கூட எழவில்லை. இடைவேளை மணி அடித்ததும் எல்லோரும் வெளியே போக, ரேடியோ மட்டும் மூன்றாவது பெஞ்சிலேயே இருந்தாள். ஆசிரியை எழுந்து கதவருகே போய், வராந்தாவில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நின்றுகொண்டாள். அதுவும் பழக்கம்தான்.

“டீச்சர், நான்தான்.”

“தெரியும்.”

“உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும் டீச்சர்.” பிள்ளை தன் சொந்தக் குரலில் பேசி அவள் அதிகம் கேட்டதில்லை. மெலிசாக, எங்கோ விரிசல் விட்டது போலிருந்தது. “நீங்க என்னைப் பார்த்தீங்க. நான் புக்குக்கு மேல எட்டிப் பார்த்தேன்ல, அப்ப நேரா பார்த்தீங்க. பார்த்துட்டுச் சிரிச்சீங்க.”

“சிரிச்சேனா?”

“சிரிச்சீங்க டீச்சர். கொஞ்சமா. அதான் சரி, பரவாயில்லன்னு நினைச்சேன். நீங்க ஒரு அதட்டு அதட்டியிருந்தா சொல்லியிருப்பேன். எங்க போயிருக்கான்னு சொல்லியிருப்பேன். மத்த டீச்சர் எல்லாம் அதட்டுவாங்க.”

அவளுக்கு ஞாபகம் வந்தது. சிரித்திருந்தாள். நான்கு வருடமாகப் பழகிப்போன சிரிப்பு. உன்னை நான் பார்த்துவிட்டேன், என்னை நீ தொந்தரவு செய்யாதே, உன்னை நானும் செய்யமாட்டேன் என்று சொல்லுகிற சிரிப்பு. அதைச் சிரிக்கத் தெரியாத பதிலி ஆசிரியை ஒரு வாரம் தாங்கமாட்டாள்.

“வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல. ரெண்டாவது பீரியட்லயும் அவ வரல. பயமாத்தான் இருந்துச்சு. ஆனா சொன்னா அவ மாட்டிக்குவாளேன்னு…” ரேடியோ மூக்கை உள்ளங்கையால் தேய்த்தாள். “டீச்சர், பெரிய சார் என் பேரைக் கேட்டா சொல்லுவீங்களா?”

“முதல்ல தண்ணி குடிச்சிட்டு வா.”

பிள்ளை அழுதாள். சத்தமில்லாமல், தோள்கள் மட்டும் எகிறி எகிறி விழ. ஆசிரியை கதவருகிலேயே நின்றாள். கையை நீட்டினால் எட்டாத தூரம். அளந்து வைத்த தூரம். வராந்தாவில் இரண்டு ஆசிரியர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் நகரவில்லை.

*

“உனக்கு நோட்டுதான் புருஷன். படுத்தாலும் தலைமாட்டுல, எழுந்தாலும் கக்கத்துல” என்று வீட்டில் எப்போதும் கேலி செய்யும் அவள் அக்கா அன்று சாயங்காலம் கேலி செய்யவில்லை. தையல் இயந்திரத்தில் யாருடையதோ கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ சட்டியைத் தேய்க்கும் சத்தம்.

“அந்தப் பக்கத்தைக் கிழி.”

“பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கேன்க்கா.”

“எதுக்குடி போட்ட?”

“கிழிச்சேன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை உடனே விழுங்கினாள். “அறிவாளி. நீயே குழி வெட்டி, நீயே நம்பரும் போட்டு வச்சிருக்க. சரி, மொத்தமா அடுப்புல போடு. நோட்டே கிடையாது. யாரு கேக்கப் போறா?”

“இதுக்கு முந்தின பள்ளிக்கூடமெல்லாம் அதுலதான் இருக்கு. நாளைக்கு எவனாவது வந்து ஏதாவது சொன்னா, எனக்குன்னு காட்ட வேற ஒண்ணுமே இல்ல.”

“நாளைக்கு வர்றவனை விடு. இப்ப வந்திருக்கிறவனைப் பாரு.” அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அந்தப் பொண்ணு பேரை எழுதிக் குடுத்துடு. பொய்யா எழுதற? அவதானே குரல் குடுத்தா? அது உண்மைதானே?”

“உண்மைதான்.”

“அப்புறம் என்ன? பதிமூணு வயசு. நாலு நாள் அழும், வேற ஸ்கூல் மாத்துவாங்க, மறந்துடும். உனக்கு அப்படி இல்ல. உன் பேரு ஒரு தடவ ரிப்போர்ட்ல ஏறிடுச்சுன்னா எந்த ஊர்ல எந்த வாசல்ல போய் நிப்ப? ‘அந்தப் பொண்ணு செத்த வகுப்புல இருந்த டீச்சர்’னுதான் கூப்பிடுவாங்க. வகுப்புக்குள்ள விடவே மாட்டாங்க.”

“பதிமூணு வயசுல நடந்தது எதைக்கா நீ மறந்திருக்க?”

அக்கா கால்சட்டையை உதறி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். “இடுப்பு பெருத்துப் போச்சு, பேண்ட் மேல குத்தம் சொல்றான்” என்று முணுமுணுத்தாள்.

ஆசிரியை சமையலறைக்குப் போய் அடுப்பின் எதிரில் நோட்டைத் திறந்து நின்றாள். நூற்று அறுபத்துமூன்றாம் பக்கம். ‘செவ்வாய். 9.25. எட்டு பி. குரல் 41. தலை 40 (இருமுறை). மழை. கதவு திறந்திருந்தது.’ அவ்வளவுதான். கையெழுத்து அழகாக, அவசரமில்லாமல் இருந்தது. தலை குறைந்த ஒரு வகுப்பின் முன்னால் உட்கார்ந்து, இவ்வளவு நிதானமாக எழுதியவளை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அதிகாரி அந்தப் பக்கத்தை வாசித்தால் இந்த நிதானத்தைத்தான் முதலில் பார்ப்பார். அந்தப் பிள்ளை மணல்குவியலுக்குப் பக்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்த நேரத்தில், இங்கே ஒருத்தி அடைப்புக்குறி போட்டு ‘இருமுறை’ என்று எழுதியிருக்கிறாள்.

“அடுப்பை மூட்டவா, வேண்டாமா?” என்றாள் அக்கா அங்கிருந்தே.

நோட்டை மூடி மறுபடியும் பையில் வைத்தாள்.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தலைமையாசிரியர் வராந்தாவில் எதிர்ப்பட்டார். “ஆச்சா?”

“பதினோரு மணி சொன்னீங்க சார்.”

“மணி பார்க்கிறதுல நீங்க கெட்டி. அதைத் தலை எண்ணுறதுல கொஞ்சம் காட்டியிருக்கலாம்.” குரலைத் தாழ்த்தினார். “அந்தப் பொண்ணோட அம்மா வந்திருக்காங்க. பையை வாங்கிட்டுப் போகணுமாம். வகுப்பாசிரியை கையாலதான் குடுத்து கையெழுத்து வாங்கணும். அவங்களுக்கு முதுகுவலி, வரமாட்டாங்க. நீங்கதான் குடுக்கணும். நான் கூட இருக்கேன். பையைக் குடுங்க, கையெழுத்தை வாங்குங்க, ஒரு வார்த்தை பேச வேண்டாம். என்ன?”

நாலு நாளாக அந்தப் பை கடைசிப் பெஞ்சிலேயே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. நீல மழைக்கோட்டும் மேலேயே கிடந்தது.

அம்மா சலவைப் பிரிவின் சாம்பல் நிற மேலங்கியோடு வந்திருந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். அல்லது வேறு எதை உடுத்துவதென்று தெரியாமல் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நெட்டையின் உயரம் யாரிடமிருந்து வந்தது என்பது பார்த்ததும் தெரிந்தது. வெந்நீரில் வெளுத்துச் சுருங்கிய விரல்கள். அவள் உள்ளே வந்ததும் நாற்பது பிள்ளைகளும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். மூன்றாவது பெஞ்சில் எழுந்தவளுக்கு மட்டும் பெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆசிரியை பையை எடுத்து நீட்டினாள். கையெழுத்துத் தாளை நீட்டினாள். அம்மா எதையும் வாங்கவில்லை.

“நீங்கதானா அன்னைக்குப் பேர் வாசிச்ச டீச்சர்?”

“ஆமாம்மா.”

தலைமையாசிரியர் கதவருகே தொண்டையைச் செருமினார். “அம்மா, அதெல்லாம் விசாரணையில வரும். இன்னைக்கு மத்தியானமே வர்றாங்க. தப்புப் பண்ணது யாரா இருந்தாலும் விடமாட்டோம். நீங்க மனசைத் தளர விடாம…”

“நான் யாரையும் பிடிச்சுக்குடுக்க வரல சார்.” அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. ஆசிரியையையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைத் தேடிய ஆசிரியைக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் தாங்கிக்கொள்ள ஏதாவது ஒரு பழகிய வழி இருந்திருக்கும். “ஒரு போன் வந்திருந்தா நேரா அங்கதான் ஓடியிருப்பேன் டீச்சர். எனக்குத் தெரியும் அவ எங்க நிப்பான்னு. எத்தனை தடவ மாடியிலேர்ந்து கையை ஓங்கிக் காட்டியிருக்கேன், போ, கிளாசுக்குப் போன்னு. அவ அதையும் டாட்டான்னு எடுத்துக்குவா.” நீட்டிய பையைப் பார்த்தாள். “நீங்க கூப்பிட்டப்ப அவ குரல் கேட்டுச்சாமே?”

ஆசிரியை தலையசைத்தாள்.

“வீட்டுல சொல்லுவா. ‘அம்மா, எங்க கிளாஸ்ல ஒருத்தி இருக்கா, என்னை மாதிரியே பேசுவா, போன்ல பேசுனா நீயே ஏமாந்துடுவ’ன்னு. நான் நம்பல. பெத்தவளுக்குத் தெரியாதாடின்னு சொன்னேன். யாருன்னு கேக்கல. இப்பவும் கேக்கல.”

அவள் பெஞ்சுகளுக்கிடையில் நடந்து பின்னால் போனாள். பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கடைசிப் பெஞ்சின் ஓரத்தில், மகள் இடத்தில் உட்கார்ந்தாள். முழங்கால்கள் பெஞ்சுக்குள் அடங்கவில்லை. பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டாள். மூன்றாவது பெஞ்சின் முதுகு அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

“அவ போன்ல எதையும் பேசி வைக்கலம்மா” என்றாள், வகுப்பில் யாருக்குச் சொல்கிறாள் என்று தெரியாத குரலில். “போட்டோ இருக்கு. துணி இருக்கு. குரல் மட்டும் எங்கயும் இல்ல. நாலு நாளா எனக்கு அது ஞாபகத்துக்கே வரமாட்டேங்குது. சத்தம் வரல.”

தலைமையாசிரியர் ஓரடி உள்ளே வந்தார். குரல் கொடுத்தவளைத் தேடி அவர் கண் ஒவ்வொரு பெஞ்சாக ஊர்ந்தது. மேசைமேல் பதிவேடு இருந்தது. பதிவேட்டுக்குள், மடித்த வாக்குமூலத்தில், பெயருக்காக விட்ட கோடு காலியாகவே இருந்தது. ஆசிரியையின் தோளில் கைப்பை தொங்கியது. மூன்றாவது பெஞ்சில் ரேடியோ புத்தகத்தை எடுத்து, முகத்துக்கு நேராகத் தூக்கி, மறுபடியும் கீழே வைத்தாள். அவள் உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன.

“ரிஜிஸ்டரை எடுங்க டீச்சர்” என்றாள் அம்மா. “முதல் பேர்லேர்ந்து வாசிங்க. அன்னைக்கு எப்படி வாசிச்சீங்களோ அப்படியே. அவ பேரு வர்றப்ப தயங்காதீங்க, தாண்டியும் போயிடாதீங்க. ஒரே ஒரு தடவ அவ பேரைக் கூப்பிடுங்க. நான் இங்கேர்ந்து அந்தக் குரலைக் கேட்டுக்கறேன்.”